அடுப்புச் சாம்பலில் விளைந்த தங்கம்

எண்பதுகளின் தொடக்கத்தில், மலையில் மழை அடியோடு பொய்த்துப்போன வருஷம் அது. போடிநாயக்கனூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குக் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் உண்டு. ஏலச்செடிக்கு நிழலும் வேண்டும், ஈரமும் வேண்டும். அந்த வருஷம் நிழல் இருந்தது, ஈரம் இல்லை. செடிகள் நின்ற இடத்திலேயே பழுத்து மடங்கின. கமிஷன் கடைகளில் ஏலக்காய் மூட்டை வருவது குறைந்து, ஆட்கள் காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள். ஊரே இப்படிக் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில்தான், மலையில் தங்கம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து இறங்கினார்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். வெளிர்நீல சபாரி உடுப்பு, கறுப்புக் கண்ணாடி. தங்கவயல் பக்கம் சுரங்கத்தில் பெரிய வேலையில் இருந்து விலகி வந்தவராம். எல்லோரும் அவரை இன்ஜினியர் என்றே கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரரின் தம்பி, அதாவது என் கொழுந்தன், அப்போது குரங்கணிக்குத் தன் ஜீப்பை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். மலையில் விளைச்சல் இல்லாததால் ஜீப்புக்கும் லோடு இல்லை. இன்ஜினியர் வந்து ஒரு மாதத்துக்கு ஜீப்பை மொத்தமாக வாடகைக்குப் பேசினதும், கொழுந்தனுக்கு அவர்தான் சாமி என்று ஆகிவிட்டது. இரண்டு பேரும் ஓடை ஓடையாக ஏறி இறங்கினார்கள். கடைசியில் தங்கம் அதிகமாக இருப்பதாக இன்ஜினியர் கண்டுபிடித்த இடம் எது தெரியுமா? என் தோட்டம்.

என் தோட்டம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் பிறந்தது ராசிங்காபுரம். கீழே இருந்த வயலையெல்லாம் என் அம்மா என் தம்பிகளுக்குக் கொடுத்தார். மலையிலிருந்த ஏலத்தோட்டத்தை மட்டும் என் பெயருக்கு எழுதிவைத்தார். போக வரச் சிரமமான இடம், அட்டைக்கடி வேறு, அதனால் தம்பிகளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்த இடத்தில் ஓர் ஓடை உண்டு. அந்தக் கொடிய வருஷத்திலும் அது சுண்டுவிரல் அகலத்துக்காவது ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரைக் குடத்தில் மோந்து மோந்து ஊற்றித்தான் என் செடிகளில் பாதியையாவது உயிரோடு வைத்திருந்தேன். கீழே நாலைந்து குடும்பங்களுக்குக் குடிதண்ணீரும் அதுதான்.

இன்ஜினியர் முதலில் வித்தை காட்டியது ஒரு கமிஷன் கடையில். நான் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் வந்து வந்து சொன்னார்கள். ஓடையில் அள்ளிய கருமணலை ஒரு பீங்கான் பேசினில் போடுவார். ஜாடியிலிருந்து ஒரு மருந்தை ஊற்றுவார். கார் பேட்டரியிலிருந்து வயர் இழுத்து, அதில் வெள்ளைத் தகடு ஒன்றை மாட்டி மருந்துக்குள் இறக்குவார். ஒரு துணியைப் போட்டு மூடுவார். கொஞ்ச நேரம் கழித்துத் தகட்டை எடுத்தால் மஞ்சள் மஞ்சேளென்று மின்னும். சுரங்கம் தோண்ட வேண்டாம், கல்லை உடைக்க வேண்டாம், உலை வேண்டாம். மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற தங்கத்தை மருந்தும் மின்சாரமும் சேர்ந்து இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்றார். வெளிநாட்டில்கூட இன்னும் இந்த முறை வரவில்லை, நாம்தான் முதல் என்றார்.

எங்கள் ஊர்க்காரர்களும் ஒன்றும் ஏமாளிகள் இல்லை. தகட்டை நகை ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் உரைகல்லில் உரசிப் பார்த்து, நல்ல தங்கம் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. தங்கமா என்று கேட்டார்கள், தங்கம்தான் என்றார். அது எங்கேயிருந்து வந்தது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஊர் அடங்கவில்லை. கம்பெனி ஆரம்பிக்கப்போகிறோம், பங்கு போடுகிறவர்கள் போடலாம் என்றதும் ஆளாளுக்கு ஓடினார்கள். ரொக்கம் இல்லாதவர்கள் நகையைக் கழற்றினார்கள். என் மாமனார் சேர்த்துவைத்திருந்ததைப் போட்டார். கொழுந்தன் ஜீப்பை அடமானம் வைத்தார். என் வீட்டுக்காரரும் தன்னால் ஆனதைப் போட்டார். அவருக்கு ஒரு கமிஷன் கடையில் வேலை. கடையே காற்று வாங்கிக்கொண்டிருந்ததால் அவருக்கும் பயம். எனக்கு அதெல்லாம் புரியாமல் இல்லை. கண் முன்னால் செடி காய்கிறபோது, மண்ணுக்குள் தங்கம் இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னால் யாருக்குத்தான் கேட்கப் பிடிக்காது? கழுத்தில் கிடந்த சங்கிலியை அவர் கேட்டபோது நானும் கழற்றிக் கொடுக்கத்தான் செய்தேன்.

அடுத்ததாக என் கையெழுத்தைக் கேட்டார்கள். தோட்டத்தை நீண்ட காலக் குத்தகைக்குக் கம்பெனிக்கு விட வேண்டும், அதற்குப் பதிலாக எனக்குப் பெரிய பங்கு. இடத்தைப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். என்னத்தைப் பார்க்கப்போகிறாய், நீ பார்க்காத இடமா என்று வீட்டுக்காரர் சலித்துக்கொண்டார். நான் விடவில்லை. ஒரு காலையில் நானும் வீட்டுக்காரரும் இன்ஜினியரும் கொழுந்தன் ஜீப்பிலேயே புறப்பட்டோம். குரங்கணி வரைக்கும் ஜீப், அப்புறம் நடை.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் எனக்குத் திக்கென்றது. நிழல் மரங்கள் ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் பட்டை அடித்திருந்தார்கள். என்ன இது என்றேன். மெஷின் இறக்க இடம் வேண்டும், இதெல்லாம் வெட்ட வேண்டிய மரங்கள் என்று இன்ஜினியர் சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே என் மரங்களுக்குக் குறி போட்டிருந்தார்கள். அந்த மரங்கள் போனால் கீழே ஏலம் ஒன்றுகூட நிற்காது. ஏலத்தோட்டம் வைத்திருக்கிற எவருக்கும் அது தெரியும். என் வீட்டுக்காரருக்கும் தெரியும். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு எனக்காக ஓடைக்கரையிலேயே வித்தையைச் செய்து காட்டினார். தகடு மஞ்சளாக வந்தது. நானும் வாயைப் பிளந்துதான் பார்த்தேன். முடிந்ததும் பேசினில் இருந்த மருந்தை அப்படியே ஓடையில், தண்ணீர் தேங்கி நிற்கும் சின்னக் குழியில் கொட்டினார். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ ஓடைக்குப் போனேன். குழியில் இருந்த பொடி மீன்கள் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

கையை நீரில் வைக்காமல் அப்படியே எழுந்தேன். இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சிரித்தார்.

"மருந்துக்கு அவ்வளவு வீரியம்மா. தங்கத்தையே இழுக்குதுன்னா சும்மாவா?"

"இந்தத் தண்ணியத்தான கீழ குடிக்கிறாக?" என்றேன்.

"தங்கம் எடுக்க ஆரம்பிச்சுட்டா எல்லாருக்கும் குழாய் போட்டுக் குடுத்துருவோம்" என்றார். கொழுந்தன் அதற்குத் தலையாட்டினார். நான் அங்கேயே மண்ணையும் கல்லையும் அள்ளிப் போட்டு அந்தக் குழியை ஓடையிலிருந்து பிரித்து அடைத்தேன். ஒருவர்கூடக் கை கொடுக்கவில்லை. கீழே இறங்கும் வழியில், குடிதண்ணீர் எடுக்கும் வீடுகளில் ஏறி, இன்றைக்கும் நாளைக்கும் ஓடைத் தண்ணீரைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஜீப்பில் ஏறும்போதே சொன்னேன், கையெழுத்துப் போட மாட்டேன் என்று.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் மோசடிக்காரர் என்று எனக்கு அப்போது தெரியாது. தங்கம் இல்லை என்றும் தெரியாது. என் மரத்தில் கேட்காமல் குறி போட்டார், என் ஓடையில் விஷத்தைக் கொட்டிவிட்டுச் சிரித்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஊருக்கு அது போதவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் என் முகம் பார்த்துப் பேசவில்லை. என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டைப் பார்த்தே பேசினார். தெருக்குழாயில் நான் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். நகையைக் கழற்றிக் கொடுத்த பெண்கள் கூட்டமாக வந்து, "ஒங்க ஒருத்தி பிடிவாதத்துல எங்க தாலிக்கொடி அந்தரத்துல தொங்குது" என்று அழுதார்கள். அவர்கள் அழுததைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். கையெழுத்து மட்டும் போடவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு முன்கூடத்தில், பட்டாசாலையிலேயே கூட்டம் போட்டார்கள். உறவில் பெரியவர்கள், பங்கு போட்டவர்கள், எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்ஜினியர், அவருடைய பேட்டரி, ஜாடி, பேசின். பெண்கள் உள்கதவுப் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லோர் முன்னாலும் மறுபடியும் ஒருமுறை தங்கத்தை எடுத்துக் காட்டி, என்னைச் சம்மதிக்கவைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. முந்தின நாள் ராத்திரி ஏற்பாடு பேச வந்தவர்கள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். அப்போதே கொழுந்தன், "மதினி, நீங்க நம்புற மாதிரி மணலை நீங்களே கொண்டாங்க" என்று பெரிய மனதோடு சொல்லியிருந்தார். நல்லது என்றேன்.

ரொம்ப யோசித்துத் திட்டம் போட்டேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு மணல் எடுக்க மலைக்குப் போக யாரும் ஜீப் தரவில்லை. அன்று விடியற்காலையில் அடுப்படியில் நின்றுகொண்டு, எதைக் கொடுப்பது என்று யோசித்தேன். பாத்திரம் விளக்கச் சாம்பல் அள்ளினேன். கையில் சாம்பல் இருந்தது. அவ்வளவுதான். கரித்துண்டுகளை அம்மியில் வைத்து நுணுக்கினேன். சாம்பலோடு கலந்து தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன். பார்க்கக் கருமணல் மாதிரியே இருந்தது. ஒரு தூக்குவாளியில் அள்ளி மூடிவைத்தேன்.  தகடு வெள்ளையாகவே வந்தால், நான் வேண்டுமென்றே கெடுத்தேன் என்று சொல்வார்கள். மஞ்சளாக வந்தால்? அதற்கு மேல் நினைக்கவில்லை.

தூக்குவாளியைக் கொண்டுபோய்ப் பட்டாசாலை நடுவில் வைத்தேன். "நம்ம ஓடை மணலா மதினி?" என்று கொழுந்தன் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். பொய்தான். அந்தப் பொய்க்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

இன்ஜினியர் பேசினில் கொட்டினார், மருந்தை ஊற்றினார், தகட்டை இறக்கினார், துணியைப் போட்டார்.  துணியை எடுத்துத் தகட்டைத் தூக்கிக் காட்டினார். மஞ்சள் தகதகவென்று மின்னியது. கூட்டத்தில் ஓவென்று ஒரு சத்தம். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கொழுந்தனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"பாத்தீகளா மதினி! ஒங்க மணலு! ஒங்க கையால அள்ளுனது! இப்பவாச்சும் நம்புறீகளா?"

நான் முன்னால் வந்தேன். அத்தனை ஆண்கள் இருக்கிற இடத்தில் அதுவரைக்கும் நான் வாயைத் திறந்ததே கிடையாது.

"அது மணலு இல்ல. எங்க அடுப்புச் சாம்பலு. நேத்து நீங்க எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போன சோறு வெந்த அடுப்பு."

 இன்ஜினியர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதன்முறையாக அவர் கண்ணைப் பார்த்தேன். பயந்துபோயிருந்தது. அவ்வளவுதான், ஆள் எழுந்து ஓடப்போகிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை. இன்ஜினியர் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்கவில்லை. கூட்டத்திலிருந்து உறவுக்காரப் பெரியவர் ஒருவர் கையைத் தட்டினார்.

"அட, வெறகு நம்ம மலையில வெட்டுனதுதான! மரம் தண்ணிய உறிஞ்சும்போது தங்கத்தையும் சேத்து உறிஞ்சிருக்கும்ல. சாம்பல்லயே இம்புட்டுன்னா மண்ணுக்குள்ள எம்புட்டு இருக்கும்!"

பட்டாசாலை முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. இன்ஜினியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார், மெதுவாக. எல்லோருக்கும் முன்னைவிட இரண்டு மடங்கு நம்பிக்கை. நான் எடுத்துக் கொடுத்த ஆதாரத்தை வைத்தே என்னைத் தோற்கடித்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அடுப்புலயே தங்கம் கெடைக்குதுன்னா என் தோட்டம் எதுக்கு? ஆளுக்கு ஒரு கூடை சாம்பலை அள்ளிட்டு வாங்க. வெரசா எடுத்துட்டுப் போயிரலாம்" என்றேன். கதவுப் பக்கம் நின்ற பெண்களில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. எழுந்து என்னிடம் வந்தார். பேனாவை என் கையில் திணித்தார். "போடு" என்றார். அவ்வளவு பேர் முன்னால்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவர் கையை ஓங்கிவிட்டார்.

அப்போது என் மாமனார் எழுந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து என்னிடம் நேராக அவர் பேசியது ரொம்பக் குறைவு. கறாரான மனிதர். அந்தக் கம்பெனியில் அதிகமாகப் போட்டவர்களில் அவரும் ஒருவர். அவர் எழுந்ததும், அவரும் என்னை அடிக்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் மகனுடைய ஓங்கின கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"மலையில தங்கம் இருக்குன்னு நானும் நம்புறேன். இந்தப் புள்ள செய்யிறது தப்புன்னுதான் எனக்கும் படுது. அது வேற சோலி. நெலம் அவுக ஆத்தா அதுக்குக் குடுத்தது. அது முடியாதுன்னுருச்சு. எல்லாரும் எந்திரிங்க."

யாரோ ஏதோ சொல்ல வந்தார்கள். "எந்திரிங்கன்னேன்" என்றார் மறுபடியும். பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். அவரே, தன் கையால். கூட்டம் கலைந்தது.

எல்லோரும் போன பிறகு என்னைப் பார்த்து, "சாம்பலைக் கொண்டுபோயி குழி தோண்டிப் பொதைச்சுரு ஆத்தா, அந்த மருந்து பட்டிருக்கு, ஆடு மாடு வாய வச்சிரும்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. நான் சொன்னதில் ஒன்றை, அந்தச் செத்த மீன்களை, அவர் ஒருவராவது நம்பினார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கொல்லைக்குப் போய்க் குழி வெட்டிக்கொண்டே அழுதேன்.

இன்ஜினியர் அதற்குப் பிறகும் சில வாரங்கள் இருந்தார். தேவாரம் ஊர்ப் பக்கம் வேறு இடம் பார்ப்பதாகச் சொன்னார். மெஷின் வாங்கிவர வேண்டும் என்று கிளம்பியவர் திரும்பவே இல்லை. அவர் தங்கியிருந்த அறையில் பேட்டரியும் காலி ஜாடிகளும் கிடந்தன. ஒரு ஜாடியில் கொஞ்சம் மருந்து மிச்சம் இருந்தது. மதுரையில் கவரிங் நகைக்கு முலாம் பூசுகிறவர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் ஜாடியைப் பார்த்ததுமே, இது நாங்கள் முலாம் பூசப் பயன்படுத்துகிற தங்கத் தண்ணீர் அல்லவா, கொடிய விஷமாயிற்றே, இதைக் கையில் தூக்கிக்கொண்டா பஸ்சில் வந்தீர்கள் என்று கேட்டாராம். தங்கம் மருந்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. மணல் போட்டாலும் சாம்பல் போட்டாலும், ஒன்றுமே போடாவிட்டாலும் தகடு மஞ்சளாகத்தான் வரும்.

இதோடு என்னைப் பற்றிய பேச்சு மாறியிருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாறியது, ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை. நான் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் ஓடியிருக்கமாட்டாராம். நம் ஊரிலேயே தங்கியிருப்பாராம், அவரைக் கட்டிப் போட்டுப் பணத்தை வாங்கியிருக்கலாமாம். நான் அவமானப்படுத்தியதால்தான் போய்விட்டாராம். இப்படி என் முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் உண்டு. ஆரம்பத்தில் பதில் சொன்னேன். அப்புறம் விட்டுவிட்டேன். சங்கிலி போனது எனக்கும்தான். நான் யாரையும் போய்க் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் மழை வந்தது. என் தோட்டத்தில் பாதிச் செடி பிழைத்திருந்தது. நிழல் மரங்கள் எல்லாம் நின்றன. அந்தச் சுற்று வட்டாரத்தில் முதலில் காய் எடுத்தது நான்தான். அந்தக் காயை எங்கே போடுவது என்று யோசிக்காமல், என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கடையிலேயே கொண்டுபோய்ப் போட்டேன். அவர்தான் எடை போட்டார்.  அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் தோட்டத்துக்குக் கிளம்பும்போது அவரும் செருப்பை மாட்டினார். அன்று முழுக்கக் களை எடுத்தார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. நானும் கேட்கச் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் மேல் அவர் கை ஓங்கியதும் இல்லை.

கொழுந்தனுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. ஜீப் போய்விட்டது. வேறொருவர் ஜீப்புக்கு டிரைவராகப் போனார். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள், குரங்கணியில் என் ஏலக்காய் மூட்டைகளை ஏற்ற அவர்தான் வந்தார். மூட்டையெல்லாம் ஏற்றிய பிறகு, என் தோட்டத்து ஓடை இருக்கிற மலைப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மதினி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிராதீக. அந்த ஆளு திருடன்தான். சரி. ஆனா அந்த ஓடையில நெசமாவே ஒண்ணுமே இல்லன்னு ஒங்களுக்கு உறுதியாத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன். "இருந்தாலும் இருக்கும்."

அவர் திரும்பிப் பார்த்தார். "இருந்திருந்தா?"

"இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்."

 அவர் சிரித்தார். ரொம்ப நாள் கழித்து அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "ஒங்கள ஒண்ணும் செய்ய முடியாது மதினி" என்று சொல்லிவிட்டு ஜீப்பைக் கிளப்பினார்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்போது கதை திரும்பிவிட்டது. அன்றைக்குக் குடத்தை நகர்த்தியவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்கு என்னைக் கெட்டிக்காரி என்கிறார்கள். அப்போதே கண்டுபிடித்துவிட்டார் பாருங்கள் என்று கல்யாண வீடுகளில் என்னைக் காட்டிச் சொல்கிறார்கள். அந்தப் பாராட்டை நான் வாங்கிக்கொள்வதில்லை. நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்த ஆள் திருடனாகப் போனதால் இன்று நான் கெட்டிக்காரி. அவர் நல்லவராக இருந்து, நிஜமாகவே தங்கம் எடுத்துக் கொடுக்கக்கூடியவராக இருந்திருந்தால், நான் சாகும்வரை ஊரைக் கெடுத்த பாவிதான். அப்போதும் என் பதில் அதேதான்.

என் மாமனார் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. தான் போட்டது திரும்ப வராது என்று தெரிந்த பிறகும், நீ அன்றைக்குக் கையெழுத்துப் போடாதது சரிதான் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நான் சொன்னது தப்பு என்று நினைத்துக்கொண்டே எனக்காக எழுந்து நின்றார் அல்லவா, அது எனக்கு நூறு பாராட்டுக்குச் சமம். எனக்கு இப்போது வயதாகிவிட்டது, கால் மூட்டு வலிக்கிறது, குரங்கணிக்கு மேலே நடக்க முடிவதில்லை. ஆனால் யாராவது ஒரு காகிதத்தை நீட்டி, "எல்லாரும் போட்டுட்டாக, நீங்க ஒருத்தர்தான் பாக்கி" என்று சொன்னால், அது எந்தக் காகிதமாக இருந்தாலும் சரி, என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது.